ஓடும் வீட்டின் டயர் வெடித்தால்...

மணிக்கு 105 கிலோமீட்டர் வேகம். முன்னால் நீண்ட, நேரான நெடுஞ்சாலை. முதுகுக்குப் பின்னால் ஒரு முழு வீடு: சமையலறை, குளிர்சாதனப் பெட்டி, கட்டில், கழிவறை, குடும்பம். திடீரென்று துப்பாக்கி சுட்டது போல ஒரு சத்தம். ஸ்டீயரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பக்கமாக இழுக்கிறது. ஓட்டுபவரின் வலது கால் என்ன செய்யும்?

அநேகமாக எல்லோருடைய காலும் பிரேக்கைத்தான் தேடும். அதுதான் மனித இயல்பு. ஆனால் அந்த நொடியில் செய்யக்கூடாத காரியமும் அதுதான். முன்சக்கரத்தின் டயர் வெடித்த மோட்டார்ஹோமில் பிரேக்கை அழுத்தினால் வண்டி பள்ளத்திலோ எதிர்த் தடத்திலோ போய் விழக்கூடும். அதற்கு மாறாக ஆக்சிலரேட்டரை அழுத்த வேண்டும்! கேட்பவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும் இந்த விதி எப்படி வந்தது? அதைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதுமா? வண்டி கவிழ்ந்தபோதெல்லாம் தவறு ஓட்டியவருடையதுதானா? இந்த மூன்று கேள்விகளுக்குள் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

வீடு சாலைக்கு வந்த கதை

நம் ஊரில் மோட்டார்ஹோம் என்றால் சட்டென்று புரியாது. சினிமா நடிகர்கள் படப்பிடிப்புக்குக் கொண்டு வரும் 'கேரவன்' என்றால் உடனே புரியும். அமெரிக்காவிலோ அது சாதாரணக் குடும்பங்களின் ஆசைப் பொருள். ஓய்வு பெற்றவர்கள் பலர் வீட்டை விற்றுவிட்டு அதிலேயே வாழ்வதும் உண்டு.

1910-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் 'டூரிங் லேண்டாவ்' என்ற காரைக் காட்சிக்கு வைத்தது. பின் இருக்கையை மடக்கினால் படுக்கை. ஓட்டுநர் இருக்கையின் முதுகில் மடக்கி வைத்த கைகழுவும் தொட்டி. பணக்காரர்களுக்கான வண்டி அது. 1919-ல் ஃப்ளோரிடாவில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்ற சங்கம் தொடங்கப்பட்டது. கூடாரத்தையும் தகர டப்பா உணவையும் காரில் கட்டிக்கொண்டு ஊர் சுற்றிய நடுத்தர மக்கள் அதில் சேர்ந்தார்கள்.

1956-ல் மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளுக்கான சட்டத்தில் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்டார். சிக்னலே இல்லாமல், வேகத்தைக் குறைக்காமல் நூற்றுக்கணக்கான மைல்கள் போகக்கூடிய சாலைகள் வந்தன. 1966-ல் அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டி என்ற சிற்றூரிலிருந்து வின்னபேகோ நிறுவனம் தன் முதல் மோட்டார்ஹோமை வெளியிட்டது. தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரித்ததால் விலை குறைந்தது. வீட்டோடு ஊர் சுற்றும் ஆசை நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டியது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டியின் அடிப்பாகம் லாரியுடையதாகவோ பேருந்துடையதாகவோ இருக்கும். மேலே இருப்பது வீடு. ஓட்டுபவரோ வாழ்நாள் முழுவதும் கார் மட்டுமே ஓட்டியவர்! பேருந்து போன்ற தோற்றம் கொண்ட 'ஏ' வகை மோட்டார்ஹோம்களில் பெரியவை 45 அடி நீளமும் 20 டன் எடையும் வரை போகும். அதே எடையில் சரக்கு லாரி ஓட்ட வேண்டுமானால் தனித் தேர்வு எழுதி, தனி உரிமம் வாங்க வேண்டும். 1986-ல் வந்த சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனால் சொந்தப் பயணத்துக்கான மோட்டார்ஹோமுக்கு அந்த வணிக உரிமம் தேவையில்லை. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் மட்டும் மிக நீளமான வண்டிகளுக்குத் தனி வகுப்பு உரிமம் கேட்கின்றன. மற்றபடி அறுபத்தைந்து வயதில் ஓய்வு பெற்றவர் காலையில் வண்டியை வாங்கி மாலையில் ஓட்டிக்கொண்டு போகலாம்.

காற்றை நம்பிய சக்கரம்

காற்று அடைத்த டயருக்கு ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அதை அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதை மறுபடி கண்டுபிடித்தார். 1895-ல் பாரிஸ்-போர்டோ-பாரிஸ் பந்தயத்தில் மிச்லின் சகோதரர்கள் காற்றடைத்த டயர் பொருத்திய காரை ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். ஆனாலும் விடவில்லை. காற்றின் மேல் கார் ஓட முடியும் என்று காட்டியதே அவர்களுக்கு வெற்றி.

அன்றிலிருந்து இன்று வரை டயரின் அடிப்படை ஒன்றுதான். பாரத்தைச் சுமப்பது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று. ரப்பரும் நூலும் கம்பியும் அந்தக் காற்றைப் பிடித்து வைக்கும் பை மட்டுமே. கார் டயரில் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 35 பவுண்டு அழுத்தம் இருக்கும். பெரிய மோட்டார்ஹோம் டயரில் அது 100 பவுண்டைத் தாண்டும். அவ்வளவு அழுத்தத்தில் இருக்கும் பை கிழிந்தால் வெடிகுண்டு போலத்தான் சத்தம் வரும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மிச்லின் கொண்டு வந்த ரேடியல் டயர், 1970-களில் அமெரிக்காவில் பரவியது. தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் வைத்த டயர் இது. ஆயுள் அதிகம், எரிபொருள் மிச்சம். ஆனால் கூடவே ஒரு புதிய நோயும் வந்தது. எஃகும் ரப்பரும் ஒட்டியிருக்கும் இடம் சூட்டினால் பலவீனமானால், மேல்பட்டை அப்படியே உரிந்து போய்விடும். 1978-ல் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் தன் '500' வகை ரேடியல் டயர்களைத் திரும்பப் பெற வேண்டி வந்ததற்கு இப்படி உரிந்ததே காரணம். அதற்கு முன் அமெரிக்கா கண்டிராத அளவிலான டயர் திரும்பப் பெறுதல் அது.

வெடிக்கும் நொடியில் என்ன நடக்கிறது?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். அமெரிக்கப் பெருஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் 12 அடி. மோட்டார்ஹோமின் அகலம் எட்டரை அடி. அப்படியென்றால் வண்டி தடத்தின் நடுவில் ஓடினாலும் இரு பக்கமும் மிஞ்சுவது சுமார் அரை மீட்டர். மணிக்கு 65 மைல் வேகம் என்பது நொடிக்கு 29 மீட்டர். கொஞ்சம் கோணல் விழுந்தாலும் அந்த அரை மீட்டர் கண் சிமிட்டும் நேரத்தில் தீர்ந்துவிடும்.

முன் இடது டயர் வெடிப்பதாக வைத்துக்கொள்வோம். நல்ல டயர் உருளும். காற்றுப் போன டயர் உருளாது, தேயும். அந்த மூலையை யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுப்பது போல இருக்கும். மற்ற பகுதியெல்லாம் முன்னே ஓட, அந்த மூலை மட்டும் பின்தங்கும். அதனால் வண்டி இடது பக்கமாகத் திரும்பப் பார்க்கும்.

இந்த நிலையில் பிரேக்கை அழுத்தினால் இரண்டு கெடுதல்கள். ஒன்று, பிரேக் பிடிக்கும்போது எந்த வண்டியின் பாரமும் முன்பக்கம் சாயும். ஏற்கெனவே செத்துப்போன டயரின் மேல் இன்னும் பாரம் ஏறும், இழுப்பு கூடும். இரண்டு, வண்டியை நேராகப் பிடித்து வைத்திருந்த முன்னோக்கிய வேகம் குறையும். இழுக்கும் விசை வளர, எதிர்க்கும் விசை தேய, வண்டி சாலையை விட்டுப் போகும்.

ஆக்சிலரேட்டரை அழுத்தினால்? எஞ்சினின் சக்தி பின்சக்கரங்களுக்குப் போகிறது. அவை வண்டியை நேராக முன்னே தள்ளுகின்றன. வெடித்த டயர் இழுக்கும் விசையை இந்தத் தள்ளுதல் ஈடுகட்டுகிறது. வேகத்தைக் கூட்டுவதல்ல நோக்கம். அந்த முதல் சில நொடிகளில் வேகம் திடீரென்று விழாமல் காப்பதுதான் நோக்கம். அந்த இடைவெளியில் ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் இறுகப் பிடித்து, வண்டியை அதன் தடத்தில் நேராக நிறுத்தலாம். வண்டி கைக்கு வந்த பிறகு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, தானாகவே வேகம் குறையவிட்டு, நன்றாகக் குறைந்த பிறகு ஓரம் கட்ட வேண்டும்.

பின்சக்கரம் என்றால் கதை கொஞ்சம் வேறு. பெரிய மோட்டார்ஹோம்களில் பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரட்டைச் சக்கரங்கள். ஒன்று வெடித்தால் மற்றொன்று தாங்கும். ஸ்டீயரிங்கில் இழுப்பு தெரியாது. பின்பகுதி மட்டும் ஆடும், அதிரும். இதில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. உள்பக்க டயரில் காற்று இறங்கியது ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. இருவர் பாரத்தை ஒருவர் சுமந்துகொண்டு போவார். கொஞ்ச தூரத்தில் அதுவும் போகும்.

விதி பரவிய விதம்

லாரி ஓட்டுநர்களுக்கான அமெரிக்க உரிமக் கையேட்டில் டயர் வெடிப்புக்குத் தனிப் பகுதி உண்டு. சத்தம் கேட்டால் உன் டயர்தான் என்று முதலில் எடுத்துக்கொள். ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடி. எதன் மீதாவது மோதப் போனால் ஒழிய பிரேக்கைத் தொடாதே. வண்டி தானாக வேகம் குறைந்த பிறகு மெதுவாகப் பிரேக் பிடி. இதுதான் அதன் சாரம்.

மிச்லின் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. 'தி கிரிட்டிகல் ஃபேக்டர்' என்ற பெயரில் ஒரு பயிற்சிப் படம் எடுத்தது. ஓடும் வண்டிகளின் டயர்களை வேண்டுமென்றே வெடிக்கச் செய்து, ஓட்டுநர் என்ன செய்தால் என்ன ஆகும் என்று காட்டும் படம் அது. பிரேக்கைத் தொடாமல் இருப்பதோடு, சட்டென்று ஆக்சிலரேட்டரை அழுத்தி நேர்நிலையைக் காப்பாற்ற வேண்டும் என்பதே அது சொன்ன பாடம். மோட்டார்ஹோம்காரர்கள் கூடும் இடங்களில் அந்தப் படம் திரும்பத் திரும்பப் போடப்பட்டது. கையேட்டைப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்களுக்கு அதுவே பள்ளிக்கூடமானது.

ஆனால் படம் பார்ப்பது வேறு, அந்த நொடியில் கால் சொன்னபடி கேட்பது வேறு. நாற்பது வருடமாக ஆபத்து என்றால் பிரேக் என்று பழகிய கால் அது. அதனால் அனுபவசாலிகள் ஒரு வழி சொல்வார்கள். சாதாரணமாக ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவ்வப்போது மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது. 'இப்போது வெடித்தால்? ஸ்டீயரிங்கைப் பிடி, ஆக்சிலரேட்டரை அழுத்து, நேராக்கு, மெல்ல விடு.' சும்மா வாயால் சொல்லிப் பார்த்தாலும் பலன் உண்டு என்பார்கள்.

எமன் மூன்று

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? வெடிக்காமல் பார்த்துக்கொள்வதுதானே புத்திசாலித்தனம்? டயரின் எமன் சூடு. சூட்டைக் கூட்டுபவை மூன்று: அதிக பாரம், குறைந்த காற்று, அதிக வேகம். ஒவ்வொரு சுற்றிலும் டயர் நசுங்கி நிமிர்கிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் சூடாவது போல ரப்பரும் சூடாகிறது. காற்று குறைவாக இருந்தால் நசுக்கம் அதிகம், சூடும் அதிகம்.

மோட்டார்ஹோமில் இந்த மூன்றும் எளிதாகச் சேர்ந்துவிடும். வீடு என்று வந்துவிட்டால் சாமான் சேராமல் இருக்குமா? 100 காலன் தண்ணீர் தொட்டியை நிரப்பினாலே சுமார் 375 கிலோ. குளிர்சாதனப் பெட்டியும் சமையலறையும் ஒரே பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கத்து டயர் மட்டும் கூடுதலாகச் சுமக்கும். மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் ஒரு மூலை வரம்பை மீறியிருக்கலாம். எனவேதான் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக எடை போட்டு, டயர் நிறுவனத்தின் அட்டவணையைப் பார்த்து அதற்கேற்ற காற்று அடிக்க வேண்டும் என்கிறார்கள். காலையில் வண்டி கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சோதிப்பது அடிப்படைப் பாடம்.

அடுத்தது வயது. லாரி டயர் ஓடி ஓடித் தேய்ந்து சாகும். மோட்டார்ஹோம் டயர் நின்று நின்று சாகும். வருடத்தில் பல மாதம் வெயிலில் நிற்கும் வண்டி அது. ரப்பரைக் காக்கும் மெழுகுப் பொருள் டயர் உருளும்போதுதான் மேலே கசிந்து வரும். நின்றுகொண்டே இருந்தால் ரப்பர் காய்ந்து வெடிப்பு விடும். பள்ளங்கள் புதிது போல ஆழமாக இருக்கும். பார்ப்பவர் ஏமாந்துபோவார். 2000-க்குப் பிறகு தயாரான டயர்களின் பக்கச்சுவரில் உள்ள அரசுக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். '2319' என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் பிறந்தது. ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்து வருடம் ஆனால் எப்படி இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்பது மிச்லின் போன்ற நிறுவனங்களின் அறிவுரை.

2000-ன் பாடம், ஒரு ஓட்டை

2000 ஆகஸ்ட் 9-ம் தேதி ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றில் பெரும்பகுதி ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடியவை. மேல்பட்டை உரிந்து, வண்டி கவிழ்ந்து இறந்தவர்கள் அமெரிக்காவில் மட்டும் 271 பேர் என்று அரசு கணக்கிட்டது. ஃபோர்டும் ஃபயர்ஸ்டோனும் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிக்கொண்டு, கிட்டத்தட்ட நூறு வருட உறவை முறித்துக்கொண்டன.

அதே ஆண்டு நவம்பர் 1-ம் தேதி அதிபர் கிளிண்டன் 'ட்ரெட்' என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். தங்கள் பொருளால் மரணம், காயம் என்று புகார் வந்தால் நிறுவனங்கள் அதை முன்கூட்டியே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது சட்டம். காற்று குறைந்தால் எச்சரிக்கும் விளக்கும் அதன் மூலமே வந்தது. 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் அது கட்டாயம்.

ஆனால் அதில் ஒரு வரம்பு உண்டு. மொத்த எடை 10,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் நாலரை டன்னுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் அந்த விதி. பெரிய மோட்டார்ஹோம்கள் அதற்கு மேல். டயர் வெடித்தால் அதிக சேதம் எந்த வண்டிக்கோ, அந்த வண்டிக்கு எச்சரிக்கை விளக்கு கட்டாயம் இல்லை! உரிமையாளர்கள் தாங்களே கருவி வாங்கி வால்வில் மாட்டிக்கொண்டார்கள்.

ஜி159: மூடிய உறைக்குள் இருந்த சூடு

இனி மூன்றாவது கேள்வி. டயர் வெடித்து வண்டி கவிழ்ந்தால் முதலில் எழும் சந்தேகங்கள் என்ன? பாரம் அதிகம் ஏற்றியிருப்பார். காற்று பார்த்திருக்க மாட்டார். பயத்தில் பிரேக் அடித்திருப்பார். எல்லாமே ஓட்டியவர் மேல்தான் போய் முடியும்.

அமெரிக்காவில் 1974 முதல் மணிக்கு 55 மைல் என்ற தேசிய வேக வரம்பு இருந்தது. 1987-ல் ஊருக்கு வெளியே உள்ள பெருஞ்சாலைகளில் 65 ஆனது. 1995-ல் தேசிய வரம்பே நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1996-ல், குட்இயர் நிறுவனம் ஜி159 என்ற டயரைத் தயாரிக்கத் தொடங்கியது. நகரத்துக்குள் சரக்கு விநியோகிக்கும் வண்டிகளுக்காக வடிவமைத்த டயர். நின்று நின்று, மெதுவாக ஓடும் வண்டிகள் அவை. ஆனால் அந்த டயர் மோட்டார்ஹோம்களிலும் பொருத்தப்பட்டது. அங்கே அது மணிக்கணக்காக, நிற்காமல், நெடுஞ்சாலை வேகத்தில் ஓட வேண்டியிருந்தது. 2003 வரை தயாரிப்பு நடந்தது.

அதே 2003-ல் ஒரு குடும்பத்தின் மோட்டார்ஹோம் சாலையை விட்டு விலகிக் கவிழ்ந்தது. 2005-ல் அவர்கள் வழக்குப் போட்டார்கள். நெடுஞ்சாலை வேகத்தில் உண்டாகும் சூட்டை ஜி159 தாங்காது என்பது அவர்கள் வாதம். இதை நிரூபிக்க நிறுவனத்தின் உள் சோதனை முடிவுகள் வேண்டும். அமெரிக்க நீதிமன்றங்களில் விசாரணைக்கு முன் இரு தரப்பும் ஆவணங்களைக் கொடுத்துவிட வேண்டும். அவர்களும் கேட்டார்கள். மீண்டும் மீண்டும் கேட்டார்கள். பதில் இழுத்துக்கொண்டே போனது. 2010-ல் விசாரணை தொடங்க வேண்டிய நேரத்தில் வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டார்கள்.

சில மாதங்கள் கழித்து அந்தக் குடும்பத்தின் வழக்கறிஞர் ஒரு செய்தியைப் படித்தார். ஃப்ளோரிடாவில் இதே ஜி159 தொடர்பான இன்னொரு வழக்கில் 56 லட்சம் டாலர் நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்திருந்தது. அந்த வழக்கில் நிறுவனம் சில சோதனை முடிவுகளைக் கொடுத்திருந்தது. நெடுஞ்சாலை வேகத்தில் டயர் வழக்கத்துக்கு மாறாகச் சூடாகிறது என்று காட்டிய முடிவுகள் அவை. தங்களுக்கு வராத காகிதம்!

வழக்கறிஞர் நீதிமன்றத்துக்குத் திரும்பிப் போனார். நிறுவனமும் அதன் வழக்கறிஞர்களும் ஆவணத்தை மறைத்தார்கள் என்று அரிசோனா கூட்டாட்சி நீதிமன்றம் முடிவு செய்து, 27 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 ஏப்ரலில் நீதிபதி எலினா கேகன் எழுதிய தீர்ப்பில் எட்டு நீதிபதிகளும் ஒரே கருத்து. மறைத்தது சரி என்று அவர்கள் சொல்லவில்லை. மறைத்ததால் மட்டுமே ஏற்பட்ட செலவுக்குத்தான் ஈடு கேட்க முடியும், தொகையை மறுபடி கணக்கிடுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். பணக் கணக்கில் நிறுவனத்துக்குச் சாதகம். ஆனால் ஜி159 என்ற பெயர் நாடு முழுதும் தெரிந்துவிட்டது.

அதே 2017 டிசம்பரில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணையைத் தொடங்கியது. இத்தனை வருடம் ஏன் தெரியவில்லை? ஒவ்வொரு வழக்கும் ரகசிய சமரசமாகவோ, ஆவணங்களை வெளியிடக் கூடாது என்ற நீதிமன்ற உத்தரவோடோ முடிந்திருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் அரசிடம் போய்ச் சொல்லவும் அந்த ஒப்பந்தங்கள் இடம் தரவில்லை. 2022 பிப்ரவரியில் நிர்வாகம் டயர்களைத் திரும்பப் பெறும்படி கேட்டு எழுதியது. நிறுவனம் முதலில் மறுத்தது. டயரில் குறை இல்லை, அதிக பாரமும் குறைந்த காற்றும்தான் காரணம் என்பது அதன் நிலை. ஜூன் மாதம், அதே காரணத்தைச் சொல்லிக்கொண்டே, 1,73,237 டயர்களைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டது. இந்த டயரால் 1998 முதல் 2015 வரை 8 பேர் இறந்ததாகவும் 69 பேர் காயமடைந்ததாகவும் நிர்வாகம் சொன்னது. கடைசி டயர் தயாராகி 19 வருடம் ஆகியிருந்தது. அதற்குள் பெரும்பாலானவை தேய்ந்தோ வெடித்தோ போயிருக்கும்.

யார் கணக்கில் எழுதுவது?

வணிகக் கணக்குப் பதிவியலில் ஒரு பற்று இருந்தால் ஒரு வரவு இருந்தே தீர வேண்டும். ரகசிய சமரசத்தில் இந்தக் கணக்கு எப்படி நிற்கிறது? நிறுவனத்துக்கு அது ஒரு செலவு, பேரேட்டில் ஒரு வரி, முடிந்தது. குடும்பத்துக்குப் பணம் வரவு. ஆனால் அதே டயரில் ஓடிக்கொண்டிருக்கும் மூன்றாவது குடும்பத்துக்கு? அவர்கள் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. அவர்களுக்குத் தெரிய வேண்டிய ஒரே ஒரு தகவலை விலை கொடுத்து வாங்கிப் பூட்டியாயிற்று. ஒவ்வொரு குடும்பமும் தனக்கு மட்டும்தான் இப்படி நடந்தது என்று நினைத்துக்கொள்ளும். ஓட்டிய தகப்பனோ தாத்தாவோ, தான் பிரேக்கைத் தொட்டதால்தான் எல்லாம் போயிற்று என்று காலமெல்லாம் தன்னையே நொந்துகொண்டிருக்கலாம்.

இதனால் பிரேக்கைத் தொடாதே என்ற விதி பொய்யாகிவிடாது. அது உண்மை, உயிர் காக்கும் உண்மை. காற்றைப் பார்ப்பதும் எடை போடுவதும் டயரின் வயதைப் படிப்பதும் ஓட்டுபவரின் கடமைதான். ஆனால் அவை கடைசிக் காவல். அதற்கு முன்னால் நிற்க வேண்டிய காவல்கள் வேறு: சரியான வண்டிக்குச் சரியான டயரைப் பொருத்தும் தொழிற்சாலை, சோதனையில் சூடு ஏறினால் வெளியே சொல்லும் நிறுவனம், பெரிய வண்டிக்கும் எச்சரிக்கை விளக்கு கேட்கும் சட்டம், உண்மையை உறையில் போட்டு ஒட்டாத நீதிமன்றம். அவை எல்லாம் தூங்கிய பிறகு, மீதமிருக்கும் மூன்று நொடியை ஓட்டுபவரின் வலது காலிடம் ஒப்படைக்கிறோம்.

அந்த மூன்று நொடிக்கு விதி இதுதான்: ஸ்டீயரிங்கை இறுகப் பிடி, பிரேக்கைத் தொடாதே, ஆக்சிலரேட்டரை அழுத்து, நேராக்கு, மெல்ல விடு. வண்டி நின்ற பிறகு குடும்பத்தைச் சாலையை விட்டுத் தள்ளி நிற்க வைத்துவிட்டு, கிழிந்த டயரைத் தூக்கி எறியாமல் பத்திரமாக எடுத்து வைப்பது நல்லது. அதன் பக்கச்சுவரில் யார் செய்தது, எப்போது செய்தது என்று எழுதியிருக்கும். நாளைக்கு 'தவறு உன்னுடையது' என்று யாராவது சொன்னால், பதில் சொல்ல அந்த டயராவது இருக்கட்டும்.